விதிகளைப் படித்துவிட்டு உள்ளே வரவும்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை, நலம்தான் என்று தெரியும். நான் நலமில்லை. காகிதத்தில் எழுதுகிறாளே, இவளுக்கு என்ன ஆயிற்று என்று நினைக்காதே. போனில் என்னைத் தடை செய்துவிட்டாய். மெயிலில் தடை செய்துவிட்டாய். கடைக்கு வந்தால் நீ வெளியே போயிருப்பதாக உன் கடைப் பெண் சொல்கிறாள், உன் பைக் வாசலில் நிற்கிறது. தபால்காரரைத் தடை செய்கிற பொத்தானை மட்டும் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

நடந்ததை ஒரு தடவை வரிசையாக எழுதிவிடுகிறேன். லேபில் ஒரு ரத்தக் குப்பிக்குப் பெயர் ஒட்டாமல் அடுத்த குப்பியைத் தொடாதவள் நான், உனக்குத் தெரியும். அக்டோபரில் பயிற்சி வகுப்புக்காக ஒரு வாரம் வெளியூர் போனேன். மீன்களுக்குத் தீனி போட உன்னை வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்த சில நாளில் ஜட்ஜய்யாவின் துடுப்பில் உப்புத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளி. பன்னிரண்டு வயதுத் தங்கமீன் அது. இந்த வீட்டில் என்னோடு அவ்வளவு காலம் வேறு யாரும் இருந்ததில்லை. தண்ணீரைச் சூடாக்கினேன், உப்புப் போட்டேன், மருந்து போட்டேன், லேபுக்கு லீவு போட்டேன். எதனால் வந்திருக்கும் என்று போனில் உன்னைத்தான் கேட்டேன். "தண்ணிய ஒழுங்கா மாத்தினியாக்கா?" என்று கேட்டாய். என் கைத்தப்புதான் என்று நினைத்து அழுதேன். ஜட்ஜய்யா போய்ச் சேர்ந்துவிட்டார்.

டிசம்பரில் உன் கடையின் விளம்பர வீடியோ வந்தது. புதிதாக வந்திறங்கிய குட்டி மீன்கள் பெரிய தொட்டியில் கூட்டமாக நீந்துகின்றன. தொட்டிக்குப் பின்னால் என் பச்சைத் திரைச்சீலை. கண்ணாடி மூலையில் நான் டேப் ஒட்டிய விரிசல். கூட்டம் பிடிக்காமல் ஓரமாக ஒதுங்கி, வாயைத் திறந்து மூடிக்கொண்டு ஜட்ஜய்யா நிற்கிறார்.

புது மீனை மூன்று வாரமாவது தனியாக வைத்துப் பார்க்காமல் பழைய தொட்டியில் விடக் கூடாது. நம் தொட்டிக்காரர் இணையக் குழுவின் இரண்டாம் விதி அது. நீ கடை வைப்பதற்கு முன்னால், என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஆரம்பித்த குழு. அங்கே ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: இது என் தொட்டிதானே தம்பி? முதலில் வீடியோ காணாமல் போனது, அப்புறம் நான் காணாமல் போனேன். என்னை நீக்கியதற்குக் காரணமும் போட்டிருந்தாய். விதி ஆறு, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லித் தொல்லை கொடுத்தல். புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் "முதலில் விதிகளைப் படியுங்கள்" என்று நான் நச்சரித்தேனாம். அதைக்கூட விட்டுவிடுவேன். அதற்குக் கீழே நீ எழுதியதை, குழுவில் இருக்கிற பேக்கரிக்காரர் எனக்குப் படம் எடுத்து அனுப்பினார்.

"அக்கா தனியா இருக்காங்க. மீனோடயே பேசிப் பேசிக் கொஞ்ச நாளா மனசு சரியில்ல. யாரும் தப்பா எடுத்துக்காதீங்க, அவங்களுக்காக வேண்டிக்குங்க."

வேண்டிக்கொள்ளச் சொன்னாய் பார், அங்கேதான் எனக்கு வயிறு பற்றி எரிந்தது. லேபில் என்னோடு வேலை செய்கிற பெண் ஒருத்தியும் அந்தக் குழுவில் இருக்கிறாள். மறுநாள் என் கையிலிருந்த குப்பித் தட்டை மெதுவாக வாங்கிக்கொண்டு, "நீங்க உக்காருங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்றாள். இத்தனை வருஷத்தில் ஒருவர் ரத்தத்தை இன்னொருவர் பெயரில் அனுப்பியதில்லை நான். இப்போது ஒரு சின்னப் பெண் என் விரல் நடுங்குகிறதா என்று பார்க்கிறாள். பெரிய டாக்டரும் கூப்பிட்டு, கொஞ்ச நாள் ரிசப்ஷனில் உட்காருகிறாயா என்று கேட்டார். உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். அதை எங்கே எழுதினாயோ அங்கேயே, அதே ஆட்கள் முன்னால், நடந்ததை எழுது. எழுதுகிற வரைக்கும் உன்னைச் சும்மா விட மாட்டேன்.

அன்புடன் (கை பழக்கத்தில் எழுதிவிட்டது),
அக்கா

ஜனவரி 17

என் அன்பு அக்காவுக்கு,

உன் வாண்டு எழுதுகிறேன். நானும் காகிதத்திலேயே எழுதுகிறேன். போனில் எதை எழுதினாலும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஊருக்கே காட்டிவிடுகிறார்கள்.

கடிதத்தைப் படித்துவிட்டு உன் தம்பி மனைவி ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. பாப்பா, அத்தை எப்போது வருவாள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஜட்ஜய்யா போனதில் எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் பன்னிரண்டு வயது என்றால் மீனுக்குத் தாத்தா வயது இல்லையா? அதே நிறம், அதே உருவம், கிட்டத்தட்ட அதே முறைப்போடு ஒன்று கடைக்கு வந்திருக்கிறது. வாளியோடு உன் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். பச்சைத் திரைச்சீலை ஊரில் எத்தனையோ வீட்டில் இருக்கும் அக்கா. அதை வைத்துக்கொண்டு கூடப் பிறந்தவனை நாலு பேர் முன்னால் நிறுத்திக் கேட்டால் நான் என்ன செய்வேன்? ஏதாவது சொல்லிச் சமாளிக்க வேண்டாமா? மனசு சரியில்லை என்றது கோபமாக இருக்கிறாய் என்ற அர்த்தத்தில். இதற்குப் போய் இவ்வளவா?

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. குழு இப்போது நம் சாப்பாட்டு மேசை இல்லை. ஆயிரக்கணக்கில் ஆள் சேர்ந்துவிட்டது. கடையே அதை நம்பித்தான் ஓடுகிறது. புதிதாக வருகிறவன் தன் மீனைக் காட்டிச் சந்தோஷப்பட வருகிறான். அவன் கையில் பதினாறு விதியைத் திணித்தால் தலைதெறிக்க ஓடுவான். அதனால்தான் வாசலில் 'பிறகு படிக்கிறேன்' என்று ஒரு பொத்தான் வைத்தேன். எல்லோரும் அதை அழுத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே வருகிறார்கள். விதிகளை யாரும் படிப்பதில்லை அக்கா. நானே படித்ததில்லை. நீ எழுதினாய், நான் சோபாவில் படுத்துக்கொண்டு தலையாட்டினேன், அவ்வளவுதான்.

கோபம் ஆறியதும் சொல்லு, நானே உன்னை மறுபடி சேர்த்துவிடுகிறேன்.

உன் அன்புத் தம்பி

பிப்ரவரி 20

அன்புள்ள வாண்டுக்கு,

நீ அனுப்பிய மீனை வாளியோடு பேக்கரிக்காரரிடம் கொடுத்துவிட்டேன். மூன்று வாரம் தனியாக வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மீன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

உன் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம், 'நானே படித்ததில்லை' என்பது. அதைப் படித்ததும் எழுந்து போய்க் காபி போட்டுக் குடித்தேன். நிதானமாகக் குடித்தேன். ஏனென்றால் நான் படித்தவள்.

விதி பதினொன்று என்ன சொல்கிறது தெரியுமா? நீக்கப்பட்டவர் ஒரு மாதம் கழித்துப் புது ஆளாக முன்னறைக்கு வரலாம். வந்துவிட்டேன். நீ சேர்க்க வேண்டாம், நானே வந்துவிட்டேன். முன்னறை உனக்கு மறந்திருக்கும், நீ எங்கே அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறாய்? புதிதாக வருகிறவர்கள் முதலில் நுழைகிற இடம் அது. சுவரில் விதிகள் தொங்கும். கீழே எட்டுக் கேள்வி இருக்கும். எட்டுக்கும் பதில் எழுதினால் உள்கதவு தானாகத் திறக்கும். இல்லாவிட்டால் உன் பொத்தான். நான் பொத்தானையும் அழுத்தவில்லை, எட்டாவது கேள்விக்குப் பதிலும் எழுதவில்லை. அதனால் அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். முன்னறையில் எவ்வளவு காலம் இருக்கலாம் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

அங்கே என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். ஒளிந்திருந்து செய்கிற பழக்கம் எனக்கு இல்லை, அது உன் பழக்கம். வருகிறவர்களை விதிகளைப் படிக்க வைக்கிறேன். முன்பு மாதிரி இல்லை. முன்பு நான் செய்தது சுத்த முட்டாள்தனம், ஒத்துக்கொள்கிறேன். அலறி அடித்துக்கொண்டு வருகிறவனிடம், "முதல்ல ரூல்ஸ படிங்க" என்று முகத்தில் கதவைச் சாத்தினால் எவன் படிப்பான்? இப்போது அலறுகிறவர்களுக்கு முதலில் மீனைக் காப்பாற்றிக் கொடுக்கிறேன். நேற்று ஒரு லிஃப்ட் மெக்கானிக் வந்தார். மகள் ஆசைப்பட்டு வாங்கிய மீன் தலைகீழாக மிதக்கிறதாம். தீனியை நிறுத்தச் சொன்னேன், தண்ணீரில் பாதியை மாற்றச் சொன்னேன். மாலையில் மீன் நிமிர்ந்துவிட்டது, ஆள் நன்றி சொல்ல ஓடி வந்தார். அப்போது சொன்னேன், இது ஐந்தாம் விதியில் இருக்கிறது, அந்த விதி எப்படி வந்தது என்ற கதை வேண்டுமா என்று. எந்த மனுஷன் வேண்டாம் என்பான்?

ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு செத்த மீன் இருக்கிறது தம்பி. தொட்டியைச் சோப்புப் போட்டுப் பளபளவென்று கழுவினாரே வக்கீல், அவரால் வந்தது ஏழாம் விதி. பிறந்தநாளுக்குக் குழந்தைகள் கேக் போட்டதில் வந்தது ஐந்து. ஒவ்வொரு கதையாகச் சொல்கிறேன். கேட்டுவிட்டு அடுத்த விதியை அவர்களே படிக்கிறார்கள், படித்துவிட்டு என்னிடம் கதை கேட்கிறார்கள். ஒருவரும் உன் பொத்தானைத் தொடுவதில்லை. எட்டுக்கும் பதில் எழுதிவிட்டு உள்ளே போகிறார்கள். என்னை 'முன்னறை அத்தை' என்று கூப்பிடுகிறார்கள்.

இரண்டாம் விதியின் கதையை மட்டும் நான் சொல்வதில்லை. அதை உள்ளே இருக்கிற அட்மின் சொல்வார், அவரிடம் கேளுங்கள் என்று அனுப்பிவிடுகிறேன்.

இதையெல்லாம் நல்ல மனசால் செய்கிறேன் என்று நினைத்துவிடாதே. எல்லாம் உன் மேல் இருக்கிற ஆத்திரம். ஆத்திரத்துக்கு இவ்வளவு பொறுமை வரும் என்று எனக்கே தெரியாது.

அக்கா

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

என்ன செய்துகொண்டிருக்கிறாய் நீ? கடையில் நிம்மதியாக ஒரு மீன் விற்க முடியவில்லை. அந்த லிஃப்ட் மெக்கானிக் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, கூட்டமாக ஆள் நிற்கும்போது, "இதெல்லாம் மூணு வாரம் தனியா இருந்த மீனா?" என்று கேட்கிறார். முந்தா நாள் வந்து இறங்கிய மீன். அந்தக் குட்டிப் பெண் வேறு, "அங்கிள், ரூல் ரெண்டு கதைய உங்ககிட்டயே கேக்கச் சொன்னாங்க அத்தை" என்கிறது. கடைப் பெண் கல்லாப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரிக்கிறாள்.

குழுவுக்குள்ளேயும் இதே பாட்டுத்தான். தினமும் யாராவது ஒரு புது ஆள் வந்து, அண்ணா ரூல் ரெண்டு கதை, அண்ணா ரூல் ரெண்டு கதை. அழித்து அழித்துக் கை ஓய்ந்துவிட்டது.

உன்னை முன்னறையிலிருந்து தூக்கச் சொல்லிப் பல் டாக்டரிடம் சொன்னேன். தளத்தின் சாவி அவரிடம் இருப்பதுதான் உனக்குத் தெரியுமே. அந்த மனுஷன் ஒருவர் வாயில் கருவியை வைத்துக்கொண்டே என்னோடு போனில் பேசுகிறார். முன்னறையில் இருப்பவரைக் கெட்ட வார்த்தை பேசினால் தவிர நீக்கக் கூடாது, விதி பன்னிரண்டு என்கிறார். அக்கா, உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், ஒரே ஒரு கெட்ட வார்த்தை பேசு.

விளையாட்டாகச் சொல்கிறேன் என்று நினைக்காதே. நான் பிள்ளைகுட்டிக்காரன். உனக்குப் பின்னால் யாரும் இல்லை, நீ எதை வேண்டுமானாலும் போட்டு உடைக்கலாம். எனக்கு அப்படி முடியுமா? அம்மா இருந்திருந்தால் உன்னை இப்படிச் செய்ய விட்டிருப்பாளா?

தம்பி

ஏப்ரல் 11

தம்பிக்கு,

அம்மா இருந்திருந்தால் முதலில் உன் காதைத் திருகியிருப்பாள். அவளை இதில் இழுக்காதே.

எனக்குப் பின்னால் யாரும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். அது நிஜம், எனக்கும் தெரியும். யாரும் இல்லாத வீட்டில் விளக்கைப் போட்டதும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான் என் சம்பத்து. அதைத்தான் நீ வீடியோவுக்காகப் பணயம் வைத்தாய்.

கெட்ட வார்த்தை கேட்டாய். என் நாக்கில் உனக்காக ஒரு பை நிறைய இருக்கிறது, ஒன்றைக்கூட முன்னறையில் செலவழிக்க மாட்டேன். லேபில் இன்னும் ரிசப்ஷனில்தான் இருக்கிறேன். வருகிறவர்களிடம் பெயர், வயது கேட்டு எழுதிக்கொடுக்கிறேன். உள்ளே அந்தப் பெண் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், கதவு திறக்கும்போதெல்லாம் தெரிகிறது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் உன்னை நினைத்துக்கொள்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். விதி பதினைந்தைப் படி. உனக்குச் சிரமம் வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். அட்மின் மேல் நம்பிக்கை இல்லையென்றால் உறுப்பினர்கள் ஓட்டுக் கேட்கலாம். ஓட்டு யாருக்கு உண்டு? எட்டுக் கேள்விக்கும் பதில் எழுதி உள்ளே வந்தவர்களுக்கு மட்டும். 'பிறகு படிக்கிறேன்' என்று நுழைந்தவர்களுக்கு, பிறகு படிக்கிற வரைக்கும் ஓட்டுக் கிடையாது. விதிகளை மாற்றவும் அதே ஓட்டுத்தான் வேண்டும். நீ சோபாவில் படுத்திருந்தபோது வாய்விட்டுப் படித்துத்தான் காட்டினேன்.

உன் ஆயிரக்கணக்கான ஆட்களில் ஒருவருக்கும் ஓட்டு இல்லை தம்பி. உனக்கே இல்லை. பிப்ரவரியிலிருந்து என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனவர்களுக்கு மட்டும்தான் இருக்கிறது.

அவர்கள் யாரும் இன்னும் கேட்கவில்லை. நான் அவர்களுக்குப் பதினைந்தாம் விதியின் கதையைச் சொல்லவில்லை. மே மாதம் முடியட்டும், அதுவரை உனக்கு நேரம். ஒரே ஒரு பதிவு. இப்போது எழுதினால் உன் இஷ்டப்படி எழுதலாம், பிறகு என் இஷ்டப்படிதான் எழுத வேண்டியிருக்கும்.

அக்கா

ஜூன் 14

அக்கா,

ஜெயித்துவிட்டாய். இப்போது திருப்தியா?

உன் மிரட்டலுக்கு மசியக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அது என் புத்தி. ஓட்டு வந்த அன்று பழைய ஆட்கள் எல்லோரும் எனக்காக வரிந்துகட்டிக்கொண்டு வந்தார்கள். வக்கீல் ஒரு பக்கத்துக்கு எழுதினார். பல் டாக்டர் ஒரே வரியில் பதில் போட்டார்: "படிச்சிருந்தா ஓட்டு இருந்திருக்கும்." அப்புறம் அவசர அவசரமாக எல்லோரும் விதிகளைத் தேடி ஓடினார்கள். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. ஆரம்பித்த நாளிலிருந்து அவ்வளவு பேர் அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லையாம், தளமே கொஞ்ச நேரம் நின்றுவிட்டது.

நீ எட்டாவது கேள்விக்குப் பதில் எழுதி உள்ளே வந்ததும் அவர்கள் உன்னை அட்மின் ஆக்கியதைப் பார்த்தேன். மாலை போடாத குறைதான்.

இப்போது நான் என்ன ஆவேன், அதைச் சொல்லு. என்னைக் குழுவில் வாயே திறக்க முடியாமல் வைத்திருக்கிறாய். கடையில் ஈ ஆடவில்லை. உன் தம்பி மனைவி, போய் அக்கா காலில் விழு என்கிறாள். விழுகிறேன், விழ மாட்டேன் என்று சொல்லவில்லை. உன் வீட்டு வாசலில் வந்து விழுகிறேன். குழுவில் மட்டும் வேண்டாம். அவ்வளவு பேர் முன்னால் நான் எப்படி நிமிர்ந்து நிற்பேன்? பாப்பா பள்ளிக்கூடத்தில் டீச்சர்கூட அந்தக் குழுவில் இருக்கிறார்.

தம்பி

ஜூன் 19

தம்பிக்கு,

திருப்தியா என்று கேட்டாய். ஆமாம், திருப்திதான். பொய் சொல்வானேன்? பழைய ஆட்கள் விதிகளைத் தேடி ஓடினார்கள் என்று நீ எழுதியதை மட்டும் பலதடவை படித்தேன்.

என் காலில் விழ வேண்டாம். என் கால் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவ்வளவு பேர் முன்னால் எப்படி நிமிர்ந்து நிற்பேன் என்கிறாய். நான் டிசம்பரிலிருந்து அவ்வளவு பேர் முன்னால் பைத்தியக்காரியாக நிற்கிறேன், என்னைக் கேட்டுப் பார், எப்படி நிற்பது என்று சொல்லித்தருகிறேன். உனக்கு டீச்சர் ஒருத்தர், எனக்கு லேப் முழுக்க.

உன்னை நீக்கவில்லை, நீக்கவும் மாட்டேன். நீ குழுவின் முன்னறையில் இருக்கிறாய், அவ்வளவுதான். நீ கேள்விகளுக்குப் பதில் எழுதியவனே இல்லை, அதனால் எல்லோரையும் போல எழுதிவிட்டு உள்ளே வா. ஏழு கேள்வி உனக்குச் சுலபம். இரண்டாவது கேள்வியை உனக்குத் தெரியும்: புது மீனைத் தனியாக வைக்காவிட்டால் என்ன ஆகும், தெரிந்த ஒரு சம்பவத்தைச் சொல்லி விளக்கவும். உனக்கு ஒரு சம்பவம் தெரியும். உன் பொத்தானை எடுத்துவிட்டு, முன்னறையில் எழுதுகிற பதில்கள் உள்ளே எல்லோருக்கும் தெரியும்படி மாற்றிவைத்திருக்கிறேன், ஓட்டுப் போட்டுத்தான் மாற்றினோம்.

அக்கா

ஜூலை 3

அக்கா,

எழுதிவிட்டேன். நீ பார்த்திருப்பாய். ஆனாலும் என் கையால் உனக்கும் எழுதி அனுப்ப வேண்டும் போல இருந்தது. அங்கே எழுதியது இதுதான்:

"இது என் அக்கா வீட்டுத் தொட்டியில நடந்தது. அவங்க ஊர்ல இல்லாதப்ப என் கடைக்கு வந்த புது மீனை அதுல விட்டு வீடியோ எடுத்தேன். கடைத் தொட்டிய விட அது அழகா இருக்கும். மறுநாள் எல்லாத்தையும் வலை போட்டு எடுத்துட்டேன். எடுக்கும்போது ஒரு மீன் வால்ல வெள்ளைப் புள்ளி இருந்தது. பாத்தேன். அது என்னன்னு எனக்குத் தெரியும். அக்காவுக்குப் போன் பண்ணணும்னு போனைக் கையில எடுத்தேன். திட்டுவாங்கன்னு வச்சுட்டேன். அப்புறம் அவங்க மீன் செத்துப்போச்சு. அவங்க கேட்டப்ப தண்ணி மாத்தலையான்னு நான் திருப்பிக் கேட்டேன். அவங்களுக்கு மனசு சரியில்லைன்னு நான் எழுதினது பச்சைப் பொய். அவங்களுக்கு எல்லாம் சரியாதான் இருந்தது. இதுதான் ரூல் ரெண்டு கதை."

எழுதி முடித்ததும் உடம்பு லேசாகிவிட்டது அக்கா. இவ்வளவு நாள் எதற்குப் பயந்தேன் என்று இருக்கிறது. எல்லோரும் எவ்வளவு அன்பாக எழுதியிருக்கிறார்கள் பார்த்தாயா? வக்கீல், "இதைச் சொல்ல ஒரு தைரியம் வேணும்" என்று எழுதியிருக்கிறார். இந்த ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வரட்டுமா? அவள் உனக்காக ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறாள்.

உன் வாண்டு

ஜூலை 10

தம்பிக்கு,

படித்தேன். குழுவில் நீ எழுதிய அன்றே படித்தேன், உன் கையெழுத்திலும் படித்தேன். லேபில் பெரிய டாக்டரும் படித்திருக்கிறார். திங்கட்கிழமை கூப்பிட்டு என் நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பெண் கண் கலங்கி மன்னிப்புக் கேட்டாள், பாவம், அவளை நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்டதை நீ செய்துவிட்டாய். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் எனக்குத் தெரியாத ஒன்றையும் அதில் எழுதியிருக்கிறாய். நீ புள்ளியைப் பார்த்தாய் என்பது எனக்குத் தெரியாது. இத்தனை மாதமும், அவன் அறியாமல் விட்டுவிட்டான், பிறகு பயந்து பொய் சொல்லிவிட்டான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பழி வாங்கியதெல்லாம் அதற்கு மட்டும்தான். பார்த்துவிட்டாய், அது என்னவென்றும் தெரியும், போனையும் கையில் எடுத்திருக்கிறாய். அன்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே கிளம்பி வந்து உப்புப் போட்டிருப்பேன். ஆரம்பத்தில் பார்த்தால் பிழைக்காத மீனே இல்லை, அது உனக்கும் தெரியும், தினமும் கடைக்கு வருகிறவர்களுக்கு நீயே சொல்கிறாய். நான் திட்டுவேன் என்று பயந்தாயா? திட்டியிருப்பேன். திட்டிவிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்டிருப்பேன். நான் எப்போதும் அப்படித்தானே செய்திருக்கிறேன்?

குழுவில் எல்லோரும் உன்னை மன்னித்துவிட்டார்கள். உன் பதிலுக்குக் கீழே சிவப்பு இதயமாகக் கொட்டிக் கிடக்கிறது. அண்ணன் பெரிய மனசுக்காரர் என்கிறார்கள். லிஃப்ட் மெக்கானிக்கின் மகள்கூட இரண்டு கையையும் கூப்பிய படம் போட்டிருக்கிறாள். புதிதாக வருகிறவர்கள் முதலில் உன் பதிலைத்தான் தேடிப் படிக்கிறார்கள், படித்துவிட்டு மற்ற விதிகளையும் படிக்கிறார்கள். நான் ஐந்து வருஷம் தொண்டை கிழியச் சொல்லி நடக்காதது உன்னால் நடந்துவிட்டது. உன் கடையிலும் மறுபடி கூட்டம் என்று பேக்கரிக்காரர் சொன்னார். நல்லது.

அவர்கள் மன்னித்தது சுலபம். செத்தது அவர்கள் வீட்டு மீன் இல்லை. தண்ணியை மாத்தினியா என்று கேட்கப்பட்டவர்கள் அவர்கள் இல்லை. உன்னை அவ்வளவு பேர் முன்னால் நிறுத்தினால் என் மனசு ஆறும் என்று கணக்குப் போட்டேன். நிறுத்திவிட்டேன், ஆறவில்லை. முன்பு ஒரு காரணத்துக்காக எரிந்தது, இப்போது வேறு காரணத்துக்காக எரிகிறது.

எட்டுக்கும் சரியாகப் பதில் எழுதியிருக்கிறாய், கதவு திறந்திருக்கிறது, குழுவுக்குள் போ. அது விதி, அதில் நான் கை வைக்க மாட்டேன். என் வீட்டுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை வராதே. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம். பாப்பா வரைந்த படத்தைத் தபாலில் அனுப்பச் சொல், அவள் மேல் எனக்கு என்ன கோபம்? நீ எப்போது வரலாம் என்று தோன்றினால் நானே எழுதுகிறேன். என்னிடமிருந்து கடிதம் வரவில்லையென்றால், எனக்குத் தோன்றவில்லை என்று வைத்துக்கொள்.

அக்கா